ஒரே ஒரு மந்திரிக்காக முப்பத்தாறு வருஷமா? (ஜே. எச். எலியட் பற்றி)

16 மார்ச் 2022, கேள்வி

வரலாற்றாசிரியர் ஜே. எச். எலியட் 10-ஆம் தேதி ஆக்ஸ்போர்டில் காலமானார் என்று செய்தி பார்த்தேன். வயது 91. இங்கிலாந்துக்காரர், வாழ்நாள் முழுக்க 17-ஆம் நூற்றாண்டு ஸ்பெயின் அரசியலைப் பற்றியே எழுதியிருக்கிறார். அதிலும் ஒலிவாரெஸ் என்ற ஒரே மந்திரிக்காக 1950-லிருந்து 1986 வரை. அந்த மந்திரியோ தோற்றுப்போனவர். ஒரு மனிதர் ஆயுளில் பாதியை இதற்குக் கொடுப்பது சரியா? ஸ்பெயின்காரர்களே எழுதிக்கொள்ள மாட்டார்களா? இங்கே வரலாறு படித்த அக்கா ஒருவர் இருக்கிறார், அவர் பதில் சொன்னால் நல்லது.

16 மார்ச் 2022, இரவு

தம்பி, செய்தி பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. அவரை நான் பார்த்ததே கிடையாது. ஆனால் 1995-ல் ஒரு நூலகத்தில் அவருடைய புத்தகத்தைக் கையில் எடுத்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

முதலில் ஒன்று. ஒரே மந்திரியைப் பற்றி மட்டும் அவர் எழுதவில்லை. 1963-ல் மட்டும் இரண்டு புத்தகம்: காத்தலோனியக் கிளர்ச்சி (ஸ்பெயினின் வடகிழக்கில் பார்சிலோனா இருக்கும் பகுதி) பற்றி ஒன்று, 1469 முதல் 1716 வரையிலான ஸ்பெயின் பேரரசு பற்றி ஒன்று. அமெரிக்கா கண்டுபிடிக்கப்பட்டது ஐரோப்பியர் மனசில் என்ன மாற்றம் செய்தது என்று 1970-ல் ஒரு சின்னப் புத்தகம். ஆங்கிலேயரும் ஸ்பானியரும் அமெரிக்காவில் கட்டிய இரண்டு பேரரசுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 2006-ல் ஒரு பெரிய புத்தகம். அப்போது அவருக்கு வயது 76.

ஆனாலும் நீங்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஒலிவாரெஸ் அவரை விடவே இல்லை.

1950 கோடை விடுமுறை. கேம்பிரிட்ஜ் மாணவர்கள் சிலர் சேர்ந்து ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் சுற்றப் போகிறார்கள். மாட்ரிட்டில் பிராடோ அருங்காட்சியகம். அங்கே வெலாஸ்கெஸ் வரைந்த ஒலிவாரெஸ் ஓவியம், ஆள் உயரத்துக்கும் மேலே. குதிரை முன்னங்காலைத் தூக்கி நிற்கிறது. அதன் பின்புறம்தான் நம் பக்கம். குதிரைமேல் இருப்பவர் தோளுக்கு மேலாகத் திரும்பி நம்மைப் பார்க்கிறார். கையில் தளபதியின் கோல், இடுப்பில் சிவப்புப் பட்டை, தூரத்தில் போர்ப் புகை. அந்த மனிதர் எந்தப் போரையும் களத்தில் நின்று நடத்தியதில்லை! எல்லாமே மேஜையில் உட்கார்ந்து காகிதத்தில் நடத்தினார். அந்தப் பார்வைதான் இருபது வயசுப் பையனைப் பிடித்துக்கொண்டது. இவரைப் பற்றித்தான் ஆய்வு செய்ய வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டார். கேம்பிரிட்ஜில் வழிகாட்டி ஹெர்பர்ட் பட்டர்பீல்டு.

பிறகு சிமாங்காஸ் போனார். வயாடொலிட் பக்கத்தில் ஒரு கோட்டை. 1540 வாக்கில் ஐந்தாம் சார்லஸ் காலத்திலேயே அரசாங்கக் காகிதங்களைப் பத்திரப்படுத்தத் தொடங்கிய இடம். ஒலிவாரெஸின் காகிதங்களைத் தேடினார். அவை அங்கே எரிந்து போயிருந்தன.

முதல் படியிலேயே தரை இல்லை. மீதியை நாளை எழுதுகிறேன்.

17 மார்ச் 2022, காலை

ஒரு திருத்தம். நேற்று அவசரத்தில் சிமாங்காஸிலேயே எரிந்தன என்று எழுதிவிட்டேன். தப்பு. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. சிமாங்காஸில் இருப்பது அரசவை மன்றங்களின் காகிதம். அது மலைபோல இருக்கிறது. எரிந்தது ஒலிவாரெஸின் சொந்தக் காகிதம். அவர் பதவி இழந்தபோது குடும்பத்தோடு போய், கைமாறி, கடைசியில் ஆல்பா பிரபு குடும்பத்திடம் சேர்ந்தது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மாட்ரிட்டில் அந்தக் குடும்பத்து மாளிகையில் பிடித்த தீயில் போனது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். பெரிய வித்தியாசம். மன்றத்துக் காகிதம் என்றால், ஒரு விஷயத்தில் மன்ற உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் என்ன சொன்னார்கள் என்று எழுதி ராஜாவுக்கு அனுப்பும் ஆலோசனைப் பத்திரம். அதிலேயே ராஜா தன் முடிவைச் சில வரிகளில் எழுதித் திருப்பி அனுப்புவார். அதைப் படித்தால் என்ன முடிவானது என்று தெரியும். அந்த முடிவுக்கு முந்தின இரவு ஒலிவாரெஸ் யாருக்கு என்ன எழுதினார், எதற்குப் பயந்தார், யாரை நம்பினார் என்பது தெரியாது. அதெல்லாம் சொந்தக் காகிதத்தில்தான் இருந்திருக்கும்.

17 மார்ச் 2022, இரவு

ஆக, பையன் என்ன செய்தார் என்பதற்கு வருகிறேன். தலைப்பை விட்டுவிடவில்லை, பக்கவாட்டில் போனார்.

ஒலிவாரெஸ் 1620-களில் ஒரு திட்டம் போட்டார். ஆயுத ஒன்றியம் என்று பெயர். ஸ்பெயின் ராஜாவின் கீழ் இருக்கும் ஒவ்வொரு நாடும் இத்தனை பேர் என்று படைக்கு ஆள் ஒதுக்க வேண்டும், எந்த நாட்டுக்கு ஆபத்து வந்தாலும் மற்றவர்கள் போக வேண்டும். மொத்தம் 1,40,000 பேர். காஸ்டீலும் (மாட்ரிட் இருக்கும் நடுப்பகுதி) அமெரிக்காவும் சேர்ந்து 44,000. போர்ச்சுகல் 16,000. நேப்பிள்ஸ் 16,000. காத்தலோனியா 16,000.

அதுவரை பேரரசின் போர்ச் செலவெல்லாம் காஸ்டீல் தலையில்தான். அந்த ஊர் விவசாயி வரி கட்டி மாய்ந்துகொண்டிருந்தான். பக்கத்து நாட்டுக்காரன் எங்கள் சட்டம், எங்கள் உரிமை என்று ஒதுங்கி நின்றான். மாட்ரிட்டிலிருந்து பார்த்தால் ஒலிவாரெஸ் கேட்டது நியாயம். பார்சிலோனாவிலிருந்து பார்த்தால்? எங்கள் சட்டப்படி எங்கள் ஆளை எல்லை தாண்டி அனுப்ப முடியாது, எங்கள் மன்றத்தைக் கேட்காமல் வரி போட முடியாது, அப்படிச் சத்தியம் செய்துதானே நீ ராஜாவானாய்? இதுவும் நியாயம்.

1635-ல் பிரான்ஸோடு போர். எல்லையில் இருப்பது காத்தலோனியா. படை வந்து கிராமத்து வீடுகளில் தங்குகிறது. சாப்பாடு போடு, படுக்கை கொடு. 1640 ஜூன் 7, கோர்ப்பஸ் என்ற கிறிஸ்தவத் திருவிழா நாள். அறுவடைக் கூலிக்கு ஆள் பிடிக்கும் காலம், பார்சிலோனாவுக்குள் அரிவாளோடு கூட்டம். கலவரம் வெடித்தது. ராஜாவின் பிரதிநிதி சாந்தா கொலோமா கடற்கரையோரமாகக் கப்பலைப் பிடிக்க ஓடும்போது கொல்லப்பட்டார். அவரும் காத்தலோனியர்தான், வெளியூர்க்காரர் இல்லை. மாட்ரிட்டுக்கும் சொந்த ஊருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் கெட்ட பெயர் வாங்கியவர்.

எலியட் இந்தக் கதையைப் பிடித்துக்கொண்டார். ஒலிவாரெஸின் காகிதம் இல்லாவிட்டால் என்ன, ஒலிவாரெஸை எதிர்த்தவர்களின் காகிதம் பார்சிலோனாவில் இருக்கிறதே!

18 மார்ச் 2022

மொழி எப்படிக் கற்றார் என்று கேட்டீர்கள். தங்குவதற்குக் காத்தலோனியக் குடும்பம் வேண்டும் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். அந்த வீட்டில் இருந்துகொண்டே பேசப் பழகினார். சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சிக் காலம். பொது இடத்தில், அரசு அலுவலில், பள்ளிக்கூடத்தில் காத்தலான் மொழிக்கு இடம் இல்லை. ஒருநாள் தெருவில் ஒரு போலீஸ்காரரிடம் காத்தலானில் வழி கேட்டாராம். பேரரசின் மொழியில் பேசு என்று பதில் வந்ததாம். ஒரு மொழியை வீட்டுக்குள் அடைத்து வைப்பது என்றால் என்ன என்று அன்றைக்குத் தெருவில் நின்றபோது அவருக்குப் புரிந்திருக்கும். நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இங்கேதான் எனக்கு அவர்மேல் மரியாதை. அப்படி அன்பு வைத்த ஊரின் கதையை அந்த ஊர் கேட்க விரும்பியபடி எழுதவில்லை. மாட்ரிட்டின் கொடுங்கோலன், பார்சிலோனாவின் தியாகிகள் என்ற கதைதான் அதுவரை. ஆவணங்களில் அவர் பார்த்தது வேறு. காத்தலோனியப் பிரபுக்களுக்குள் கோஷ்டிச் சண்டை, மலையில் கொள்ளைக் கூட்டம், உரிமை என்ற பெயரில் சொந்த லாபத்தைக் காப்பாற்றியவர்கள். அதே சமயம் மாட்ரிட்டின் அறியாமையும். காத்தலோனியாவில் பத்து லட்சம் பேர் இருப்பதாக நம்பித்தான் அந்த 16,000-த்தைக் கேட்டார்கள். உண்மையில் அதில் பாதிகூட இல்லை. பார்சிலோனாவில் ஜாமே விசென்ஸ் விவெஸ் என்ற பெரிய வரலாற்றாசிரியர் இருந்தார். சொந்த ஊர்ப் புராணங்களை ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வசவு வாங்கியவர். எலியட்டுக்குப் பெரிய துணை. 1960-ல் ஐம்பது வயசில் இறந்துபோனார், எலியட்டின் புத்தகம் வரும் முன்பே.

18 மார்ச் 2022, சிறு குறிப்பு

படைக் கணக்கில் அமெரிக்கா எங்கே என்று கேட்டவருக்கு: காஸ்டீலின் 44,000-த்தில் அமெரிக்காவும் அடக்கம். தனியாக இல்லை. மிலான் 8,000, அரகோன் 10,000, வலென்சியா 6,000. மீதி பிளாண்டர்ஸ், சிசிலி, தீவுகள். எல்லாம் சேர்ந்துதான் 1,40,000.

20 மார்ச் 2022

நீங்கள் ஏன் ஆய்வை விட்டீர்கள் அக்கா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இழையோடு சம்பந்தம் இருப்பதால் சொல்கிறேன்.

1994-ல் பதிவு செய்தேன். தலைப்பு, போர்ச்சுகீசியர் காலத்து முத்துக்குளித்துறை. எங்கள் ஊர்க் கடற்கரைதான். சிலாபம், அதாவது முத்துக்குளிப்பை, எப்படிப் பங்கு பிரித்தார்கள், தோணிக்கு எத்தனை சிப்பி, யாருக்கு வரி, பரதவர் தலைவர்களான பட்டங்கட்டிகளுக்கும் கோட்டைத் தலைவனுக்கும் என்ன கொடுக்கல் வாங்கல். இதற்காக எட்டு மாதம் வயதான ஒரு பாதிரியாரிடம் போர்ச்சுகீசு படித்தேன். மத்தியானம் இரண்டு மணிக்குப் போவேன், அவர் தூங்கி எழுந்து வருவார், ஒரு தம்ளர் மோர், ஒரு மணி நேரம் வினைச்சொல்.

எனக்கு வேண்டிய பிற்காலப் பதிவேட்டுக் கட்டுகள் ஒரு அலுவலகத்தில் இருப்பதாகத் தெரிந்தது. எந்த அலுவலகம் என்பதை விட்டுவிடுகிறேன். மூன்று முறை அலைந்து அனுமதி வாங்கி நான்காவது முறை போனேன். அறையைத் திறந்தார்கள். இரும்பு அலமாரிகள் வரிசையாக இருந்தன. தட்டுகளில் கட்டு இருந்த இடத்தில் நீள் சதுரமாகத் தூசி படியாத தடம் மட்டும். போன மழைக்குக் கூரை ஒழுகி நனைந்துவிட்டதாம், பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார்களாம். அந்தத் தடத்தைக் கையால் தொட்டுப் பார்த்தேன். அலமாரித் தகடு சில்லென்றிருந்தது.

அடுத்த வருஷம்தான் எலியட்டின் புத்தகத்தை எடுத்தேன். முன்னுரையில் ஒலிவாரெஸின் காகிதம் தீயில் போன கதை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஆனால் அவர் போல நான் செய்யவில்லை. 1997-ல் பள்ளி வேலை கிடைத்தது, போய்விட்டேன்.

21 மார்ச் 2022

அவருக்கு வசதி இருந்தது, உங்களுக்கு இல்லை, இரண்டையும் ஒப்பிடக் கூடாது என்று எழுதியவருக்கு: உண்மைதான், நானும் வருஷக் கணக்காக அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஈட்டன் பள்ளி, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி, 1968-லிருந்து லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியர், 1973-லிருந்து 1990 வரை பிரின்ஸ்டனில் உயர் ஆய்வு நிறுவனம். அங்கே வகுப்பு எடுக்கும் கட்டாயமே கிடையாது. பதினேழு வருஷம்! அப்புறம் ஆக்ஸ்போர்டில் அரசப் பேராசிரியர் பதவி. நான் வாரத்துக்கு முப்பது பாடவேளை எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் காத்தலோனியா வேலையை அவர் செய்தது பிரின்ஸ்டன் வசதியில் இல்லை. யாரோ ஒருவர் வீட்டில் தங்கி, புது மொழி படித்து, பாடமே எரிந்துபோன மாணவராக இருக்கும்போது செய்தார். அந்த இடத்தில் அவருக்கும் எனக்கும் வசதி வித்தியாசம் நான் நினைத்த அளவுக்கு இல்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு இருபது வருஷம் ஆனது.

24 மார்ச் 2022

காகிதம் போன ஒருவருக்கு எழுநூறு பக்கத்துக்கு மேல் வாழ்க்கை வரலாறு எப்படி எழுத முடிந்தது? நல்ல கேள்வி, இந்த இழையிலேயே முக்கியமானது.

நகல்களை வைத்துத்தான். ஒலிவாரெஸ் எழுதித் தள்ளியவர். 1624 டிசம்பரில் இளம் ராஜா நான்காம் பிலிப்புக்கு ஒரு நீண்ட ரகசிய அறிக்கை கொடுத்தார். நீங்கள் போர்ச்சுகல், அரகோன், வலென்சியா ராஜா, பார்சிலோனா பிரபு என்பதோடு நின்றுவிடாமல் ஸ்பெயினின் ராஜாவாக வேண்டும் என்பது அதன் சாரம். இந்த மாதிரி அறிக்கைகளைப் பிறர் நகல் எடுத்துக்கொண்டார்கள். கடிதம் வாங்கியவர் வீட்டில் மூலம் இருந்தது. ராஜதந்திரிகள் தங்கள் ஊருக்கு அனுப்பினார்கள். எலியட் பல நாட்டுக் காப்பகங்களிலும் நூலகங்களிலும் இருந்து இவற்றைப் பொறுக்கினார். 1978-லிருந்து 1980-க்குள் ஹோசே தெ லா பெஞ்ஞா என்பவரோடு சேர்ந்து, ஒலிவாரெஸின் அறிக்கைகளையும் கடிதங்களையும் இரண்டு தொகுதியாக ஸ்பானிய மொழியிலேயே பதிப்பித்தார். அதே 1980-ல் கலை வரலாற்றாசிரியர் ஜோனதன் பிரவுனோடு சேர்ந்து, மாட்ரிட்டில் ஒலிவாரெஸ் ராஜாவுக்காகக் கட்டிய புவென் ரெட்டீரோ அரண்மனை பற்றிய புத்தகம். அந்த அரண்மனையின் பெரிய மண்டபத்தில் ராஜாவின் 24 நாடுகளின் சின்னங்கள், சுவரில் பன்னிரண்டு வெற்றிப் போர் ஓவியங்கள். ஒலிவாரெஸ் தன் அரசியலைச் சுவரில் எழுதி வைத்திருந்தார், அது எரியவில்லை. (பிரவுனும் இந்த ஜனவரியில்தான் போனார். இரண்டு மாத இடைவெளியில் இருவரும்.) இதையெல்லாம் முடித்த பிறகுதான் 1986-ல் அந்த வாழ்க்கை வரலாறு. முப்பத்தாறு வருஷம் ஒரு மந்திரிக்காகக் காத்திருந்தார் என்பது சரியில்லை. முப்பத்தாறு வருஷம் அவரைச் சுற்றியிருந்த எல்லார் வீட்டுக்கும் போய்விட்டு வந்தார்.

எழுதும்போதே வேறொன்று உறைத்தது. என் ஆய்வுக்காகக் கோவா போனபோது காப்பகத்தில் நான் பார்த்த கட்டுகளுக்குப் பருவக்காற்றுப் புத்தகங்கள் என்று பெயர். லிஸ்பனுக்கும் கோவாவுக்கும் இடையே வருஷா வருஷம் காற்றுப் பார்த்துக் கப்பலில் போன கடிதங்கள். ஒரு பகுதி கோவாவில் இருக்கிறது, ஒரு பகுதி லிஸ்பன் போய்விட்டது. ஒரே கடிதத்தை இரண்டு மூன்று நகல் எடுத்து வெவ்வேறு கப்பலில் போடுவார்கள். முதல் வழி, இரண்டாம் வழி என்று தலையில் குறித்திருக்கும். ஒரு கப்பல் முங்கினாலும் இன்னொன்று சேரும். அதாவது அந்தப் பேரரசே காகிதம் தொலையும் என்று தெரிந்து வைத்துக்கொண்டுதான் நகல் எடுத்தது. 1995-ல் அந்தக் குறிப்பை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுத்தான் மூலம் போனதே என்று வீட்டுக்கு வந்தேன்.

27 மார்ச் 2022

வெளியூர்க்காரர் விவகாரத்துக்கு வருவோம். 1963-ல் எழுதிய பேரரசுப் புத்தகத்தின் ஸ்பானிய மொழிபெயர்ப்பு 1965-ல் வந்தது. பிராங்கோ இருந்த காலம். ஸ்பெயின் என்றால் இறைவன் வகுத்த தனி விதி, மாபெரும் பேரரசு, துரோகிகளால் வீழ்ச்சி என்று பள்ளியில் படித்த தலைமுறைக்கு இந்தப் புத்தகம் வரி, வெள்ளி வரத்து, விளைச்சல், அரசவை மன்றம் என்று நிதானமாகப் பேசியது. உள்ளே இருந்தவர்களில் பலர் எழுதியிருப்பார்கள், ஆனால் வேலையும் பறிபோயிருக்கும். ஆக, ஸ்பெயின்காரர்களே எழுத மாட்டார்களா என்றால், எழுத விடாத நேரத்தில் வெளியாள் எழுதியது உதவியது. 1996-ல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் இளவரசர் விருதும் கொடுத்தார்கள்.

இன்னொரு காரணம், அவர் தலைமுறை. பேரரசு கையை விட்டுப் போய்க்கொண்டிருந்த பிரிட்டனில் வளர்ந்தவர். 1620-களின் காஸ்டீலில், நாடு சரிகிறது, சீர்திருத்தம் வேண்டும் என்று ஆளாளுக்கு மனு எழுதினார்கள். அதைப் படிக்கும்போது அது தூரத்துக் கதையாக அவருக்குத் தெரியவில்லை. 1961-லேயே ஸ்பெயினின் சரிவு பற்றிக் கட்டுரை எழுதினார்.

அவரோடு எனக்கு உடன்பாடு இல்லாத இடமும் உண்டு. 2018-ல் ஸ்காட்லாந்தையும் காத்தலோனியாவையும் ஒப்பிட்டு எழுதிய கடைசிப் பெரிய புத்தகம். காத்தலோனியாவின் 2017 சுதந்திர வாக்கெடுப்புக் குழப்பத்துக்குப் பிறகு வந்தது. பிரிவினைத் தலைவர்கள் வரலாற்றைத் தங்களுக்கு வசதியாக வளைக்கிறார்கள் என்று கடுமையாகச் சொன்னார். ஆதாரம் எல்லாம் சரி. ஆனால் தெருவில் போலீஸ்காரர் பேச்சைக் கேட்ட அந்த மாணவரின் குரலை அதில் இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம் என்று எனக்குப் பட்டது. இதில் நான் தப்பாகவும் இருக்கலாம். காத்தலோனியக் கட்டுக்கதைகளை அவர் கேள்வி கேட்டது 1963-லேயே தொடங்கியது, வயசான பிறகு வந்த கோபம் இல்லை.

2 ஏப்ரல் 2022

இந்த ஸ்பெயின் கதைக்கும் நமக்கும் என்ன என்று ஒருவர் கேட்டதால் இது.

1580-ல் போர்ச்சுகல் அரியணை இரண்டாம் பிலிப்புக்குப் போனது. 1640 வரை அறுபது வருஷம் ஸ்பெயின் ராஜாதான் போர்ச்சுகலுக்கும் ராஜா. 1586-ல் புன்னைக்காயலில் ‘அடியார் வரலாறு’ தமிழில் அச்சானபோது அந்தக் கரையில் போர்ச்சுகீசியரின் ராஜா பிலிப். 1619-ல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்து, பிறகு கோவாவில் கொல்லப்பட்ட சங்கிலி பிடிபட்டபோது ராஜா அவர் மகன் மூன்றாம் பிலிப்.

ஆனால் ஒரு ஸ்பானிய அதிகாரிகூட தூத்துக்குடிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஆள வரவில்லை, ஏன்? 1581-ல் தோமார் நகரத்தில் பிலிப் சத்தியம் செய்திருந்தார், போர்ச்சுகலின் பதவிகள் போர்ச்சுகீசியருக்கே, சட்டங்கள் அப்படியே என்று. எலியட் 1992-ல் எழுதிய கூட்டு முடியாட்சி பற்றிய கட்டுரை இதைத்தான் விளக்குகிறது. ஒரு ராஜா, பல நாடு. ஒவ்வொரு நாட்டையும் அதற்கு மட்டுமே ராஜா போல ஆள வேண்டும். அந்தக் கட்டுரையைப் படிக்கும் வரை எனக்கு என் சொந்தக் கடற்கரையின் ஆவணமே பாதிதான் புரிந்தது. ராஜா பெயர் பிலிப் என்று இருக்கும், மொழி போர்ச்சுகீசாக இருக்கும், நான் குழம்புவேன்.

ஆக, ஆயுத ஒன்றியம் கேட்ட அந்த 16,000 போர்ச்சுகீசியரின் கதை நம் கரைக்கும் உரியது. 1638-ல் மட்டக்களப்பு, 1639-ல் திருகோணமலை, 1640 மார்ச்சில் காலி, வரிசையாக டச்சுக்காரரிடம் போயின. லிஸ்பனில் இருந்தவர்களுக்கு வயிறு எரிந்தது. ஸ்பெயின் ராஜாவின் எதிரியெல்லாம் நமக்கும் எதிரியாகிவிட்டான், ஆனால் நம் கோட்டையைக் காக்க அவர் படை வருவதில்லை. போதாததற்கு, காத்தலோனியரை அடக்க வா என்று போர்ச்சுகீசியப் பிரபுக்களைக் கூப்பிட்டார் ஒலிவாரெஸ். 1640 டிசம்பர் 1-ஆம் தேதி லிஸ்பன் எழுந்தது. காலி, பார்சிலோனா, லிஸ்பன், மூன்றும் ஒரே வருஷம்.

1643 ஜனவரியில் ஒலிவாரெஸ் பதவி போனது. 1645-ல் தோரோ என்ற ஊரில் மனம் கலங்கிய நிலையில் இறந்தார்.

3 ஏப்ரல் 2022

ஒலிவாரெஸ் காலத்தில் கழுத்துப் பட்டையைக்கூடத் தடை செய்தார்களாமே என்று கேட்டவருக்கு: உண்மைதான். 1623-ல் ஆடம்பரத்தைக் குறைக்க, மடிப்பு மடிப்பாகக் கஞ்சி போட்ட அந்தப் பெரிய கழுத்துச் சுற்றைத் தடை செய்தார்கள். ராஜாவே எளிமையான தட்டைப் பட்டைக்கு மாறினார். ஒலிவாரெஸ் கொண்டுவந்த சீர்திருத்தங்களில் நிலைத்து நின்றவற்றில் இதுவும் ஒன்று. வங்கித் திட்டம், வரிச் சீர்திருத்தம் எதுவும் நிற்கவில்லை.

9 ஏப்ரல் 2022

யாரைப் படிப்பது என்று கேட்ட பெண்ணுக்கு: எலியட்டோடு நிற்காதே அம்மா. அவரிடம் கேம்பிரிட்ஜில் படித்த ஜெப்ரி பார்க்கர் இருக்கிறார். மிலானிலிருந்து ஆல்ப்ஸ் மலை தாண்டி நெதர்லாந்துக்குப் படை நடந்து போன பாதை பற்றி 1972-ல் அவர் எழுதியது முதலில் படிக்க நல்லது. சோறு, சம்பளம், செருப்பு, கலகம் என்று ஒரு பேரரசு எப்படி நகர்கிறது என்று தெரியும். ஆசிரியர் மேஜையைப் பார்த்தார், மாணவர் சாலையைப் பார்த்தார்.

போர்ச்சுகீசு படிக்க வேண்டுமா என்று கேட்டாய். ஆமாம். ஆறு மாதம் ஒழுங்காகப் படித்தால் கடிதங்கள் பிடிபடும். என்னிடம் 1994 நோட்டு இருக்கிறது, வினைச்சொல் அட்டவணை முழுசாக. தனிச் செய்தியில் முகவரி அனுப்பு, நகல் எடுத்து அனுப்புகிறேன். கோவாக் குறிப்புகளில் எந்தக் கட்டில் நம் கரை பற்றிய கடிதம் என்று எழுதிய பக்கங்களையும் சேர்த்து அனுப்புகிறேன்.

12 நவம்பர் 2022

இழை பழசாகிவிட்டது, ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பெண் கோவா போய்வந்தாள். நான் குறித்து வைத்ததில் மூன்று கட்டு எண் சரியாக இருந்ததாம், ஒன்று தப்பாம்.

மார்ச்சில் அந்த ஓவியத்தை விவரித்தபோது குதிரை, கோல், புகை எல்லாம் எழுதினேன். நேற்று அவள் பெரிய அளவில் ஒரு படம் அனுப்பிக் கீழே இடது மூலையைப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். குதிரைக்குக் கீழே தரையில் ஒரு காகிதம் கிடக்கிறது. ஓவியர் கையெழுத்துப் போடுவதற்காக விட்ட இடம் என்கிறார்கள். வெலாஸ்கெஸ் வேறு சில ஓவியங்களிலும் இப்படி ஒரு காகிதம் வரைந்திருக்கிறார். மடிப்புக்கூடத் தெரிகிறது. அதில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.